ஜூரிக்கு நீதிபதி சட்டத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டால் அப்பீலில் என்ன ஆகும்?

டீக்கடை_பெஞ்சு எழுதியது:

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது, மனைவியின் காதலரைக் கடற்படை அதிகாரி ஒருவர் சுட்டுக் கொன்ற அந்த நானாவதி வழக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. மாமா ஒரே போடாகப் போட்டார்: "ஒன்பது பேர் ஜூரி. எட்டுப் பேர் குற்றவாளி இல்லை என்றார்கள். ஹைகோர்ட் அதைத் தூக்கிக் கடாசியது. அன்றோடு இந்தியாவில் ஜூரி காலி."

எனக்கு ஒரு சந்தேகம்தான். முடிவு சொல்ல ஜூரியாக உட்கார்ந்த அந்த ஒன்பது சாதாரண ஜனங்கள் சாட்சிகளை நேரில் பார்த்தார்கள், நாள்கணக்கில் கேட்டார்கள். ஹைகோர்ட் நீதிபதிகள் பார்த்தது காகிதக் கட்டு. எந்த உரிமையில் மாற்றினார்கள்? தேடிப் பார்த்தால் "ஜூரிக்குத் தவறான வழிகாட்டல்" என்று திரும்பத் திரும்ப வருகிறது. அப்படியானால் தப்பு ஜூரியுடையது இல்லை, ஜட்ஜுடையது என்கிறார்களா? சட்டம் படிக்காதவனுக்குப் புரிகிற மாதிரி யாராவது சொல்லுங்கள்.

பழைய_கட்டு எழுதியது:

தம்பி, மாமாவின் கடைசி வரியை முதலில் திருத்திவிடுவோம். நானாவதியோடு ஜூரி ஒழிந்தது என்பது எல்லோரும் சொல்லிச் சொல்லி நிலைத்துப்போன கதை. அதற்குப் பிறகும் சில இடங்களில் ஜூரி விசாரணை நடந்தது. மேற்கு வங்கத்தில் எழுபதுகளின் தொடக்கம் வரை இருந்தது. 1973-ம் வருடக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 1974 ஏப்ரல் 1-ல் அமலுக்கு வந்தபோதுதான் அந்த ஏற்பாடே இல்லாமல் போனது.

இனி உங்கள் கேள்வி. அப்போது இருந்தது 1898-ம் வருடச் சட்டம். சாட்சியமும் வாதமும் முடிந்ததும் நீதிபதி ஜூரிக்கு "சார்ஜ்" சொல்ல வேண்டும். (குற்றச்சாட்டு வனைவதையும் சார்ஜ் என்கிறோமே, அது வேறு. இந்த ஒரு சொல்லால் எத்தனையோ ஜூனியர்கள் குழம்பிப் பார்த்திருக்கிறேன்.) எது சட்டம், எந்தக் குற்றத்துக்கு எவையெல்லாம் நிரூபணமாக வேண்டும், யார் நிரூபிக்க வேண்டும், சாட்சியம் எந்தப் பக்கம் என்ன சொல்கிறது, எல்லாவற்றையும் எடுத்துவைப்பார். அப்புறம் ஜூரி எழுந்து உள்ளே போகும். வந்து ஒரு வார்த்தை சொல்லும். காரணம் சொல்லாது.

அந்தக் கடைசி இரண்டு சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. நீதிபதி தீர்ப்பு எழுதினால் அதில் எந்தப் பத்தி தப்பு என்று அப்பீலில் விரல் வைத்துக் காட்டலாம். ஜூரி பத்தி எழுதுவதில்லை. அப்பீலுக்குப் போகிறவன் கையில் கிடைப்பது நீதிபதி ஜூரியிடம் சொன்ன பேச்சு ஒன்றுதான். அதனால் அதைத்தான் நோண்டுவார்கள். சட்டமும் அப்படியே எழுதப்பட்டிருந்தது. ஜூரி விசாரணையில் சட்டப் பிரச்சினைக்கு மட்டும்தான் அப்பீல் என்றது 418-வது பிரிவு. நீதிபதியின் தவறான வழிகாட்டலாலோ, அவர் சொன்ன சட்டத்தை ஜூரி தப்பாகப் புரிந்துகொண்டதாலோ முடிவு பிழைத்தது என்று தெரிந்தாலொழிய அதில் கை வைக்காதே என்றது 423(2).

நானாவதி வந்தது இந்த வாசல் வழியாகக்கூட இல்லை. செஷன்ஸ் நீதிபதி மேத்தாவுக்கே ஜூரியின் முடிவு ஒப்பவில்லை. அப்படி ஒப்பாமல், நீதிக்கு இது அவசியம் என்று தெளிவாகத் தோன்றினால், 307-வது பிரிவின்படி அவரே வழக்கை ஹைகோர்ட்டுக்கு அனுப்பலாம். அனுப்பினார். அங்கே போனதும் அரசுத் தரப்பு சொன்னது என்னவென்றால், ஜூரிக்கு அந்த நீதிபதியே சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை என்று!

ஒரு இடத்தை மட்டும் கிட்டப் போய்ப் பார்க்கலாம். 1959 ஏப்ரல் 27. அஹுஜா என்பவரோடு தனக்கு இருந்த தொடர்பை மனைவி சில்வியா ஒப்புக்கொள்கிறாள். கடற்படை அதிகாரி நானாவதி மனைவியையும் குழந்தைகளையும் மெட்ரோ தியேட்டரில் இறக்கிவிட்டு, கப்பலுக்குப் போகிறார். ராத்திரியில் தனியாக அகமத்நகருக்குக் காரோட்டிப் போக வேண்டும் என்று பொய்க்காரணம் சொல்லி ரிவால்வரும் ஆறு தோட்டாவும் வாங்குகிறார். அஹுஜாவின் ஆபீஸ், அங்கே இல்லை என்றதும் அவருடைய வீடு, படுக்கையறை. மூன்று குண்டு. எதிர்த்தரப்பு சொன்னது, இருவரும் துப்பாக்கிக்காகக் கட்டிப்பிடித்துப் போராடினார்கள், அதில் வெடித்துவிட்டது என்று. குளித்துவிட்டு வந்திருந்த அஹுஜாவின் இடுப்பில் இருந்தது ஒரு துண்டு. உடல் கிடந்தபோதும் அது அவிழாமல் இருந்தது. அரசுத் தரப்பு அதைப் பிடித்துக்கொண்டது.

"தற்செயல்" என்று சொன்னால் அது அப்போதிருந்த இந்திய தண்டனைச் சட்டம் 80-வது பிரிவு. சும்மா "கை தவறிவிட்டது" என்றால் போதாது. சட்டப்படியான ஒரு செயலை, சட்டப்படியான வழியில், தகுந்த கவனத்தோடு செய்துகொண்டிருக்கும்போது, குற்ற எண்ணமில்லாமல் நடந்திருக்க வேண்டும். அன்றைய சாட்சியச் சட்டம் 105-வது பிரிவுப்படி அந்த விதிவிலக்கைக் காட்ட வேண்டிய பொறுப்பு எதிரியின் (அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின்) தலையில். இதில் ஒன்றையும் நீதிபதி ஜூரிக்குப் பிரித்துச் சொல்லவில்லை. அதாவது அந்த ஒன்பது பேரும் "தற்செயல்" என்ற சொல்லை, நாம் வீட்டில் டம்ளர் விழுந்து உடைந்தால் சொல்வோமே அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். இது கடுமையான தவறான வழிகாட்டல் என்று 1961 நவம்பர் 24 அன்று சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது. எழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். ஹைகோர்ட் கொடுத்த ஆயுள் தண்டனை நின்றது.

டீக்கடை_பெஞ்சு எழுதியது:

நன்றி ஐயா. ஆனால் ஒன்று உறுத்துகிறது. நீதிபதி விட்ட தப்பு எதிரிக்குச் சாதகமான தப்பு. விடுதலையான ஆளை அந்தத் தப்புக்காகத் திரும்ப உள்ளே போடலாமா? எல்லா நாட்டிலும் இப்படித்தானா?

சட்டக்கல்லூரி_கடைசிபெஞ்சு எழுதியது:

இல்லை. அமெரிக்காவாக இருந்திருந்தால் நானாவதி அன்று மாலையே வீட்டுக்குப் போயிருப்பார், யாரும் தொட்டிருக்க முடியாது. ஒரே குற்றத்துக்கு ஒருவனை இரண்டு முறை ஆபத்தில் நிறுத்தக் கூடாது என்ற விதி அங்கே அவ்வளவு கெட்டி. 1962-ல் ஃபாங் ஃபூ வழக்கில், விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி அரசு வக்கீல் மேல் கோபப்பட்டு ஜூரியை விடுதலை சொல்ல வைத்தார். அதற்கு ஆதாரமே இல்லை என்று தெரிந்தும், விடுதலை விடுதலைதான் என்றது அவர்களுடைய சுப்ரீம் கோர்ட். ஆகவே ஜூரிக்குத் தப்பாகச் சொன்னதைப் பற்றிய அப்பீல் எல்லாமே அங்கே ஒருவழிப் பாதை. தண்டனை பெற்றவன் மட்டும்தான் போவான்.

அப்படிப் போனவர்களில் எனக்குப் பிடித்தது 1993-ல் வந்த சல்லிவன் வழக்கு. லூசியானா மாநிலத்தில் "நியாயமான சந்தேகம்" என்றால் என்ன என்று ஜூரிக்கு விளக்கும்போது, அது மனதைப் பெரிதாகக் குடைகிற, கனமான சந்தேகமாக இருக்க வேண்டும் என்கிற மாதிரி சொல்லிவந்தார்கள். யோசித்துப் பாருங்கள், சந்தேகத்தின் தரத்தை உயர்த்தினால் நிரூபணத்தின் தரம் தானாகக் கீழே இறங்கிவிடும். லேசாக உறுத்தினாலே விடுதலை என்பது போய், உலுக்கி எடுத்தால்தான் விடுதலை என்றாகிவிடும். 1990-ல் கேஜ் வழக்கிலேயே இந்த விளக்கம் செல்லாது என்றாகிவிட்டது. சல்லிவனில் கேள்வி அடுத்த படி: விளக்கம் தப்பு, சரி, ஆனால் சாட்சியம் பலமாக இருந்தால் "பாதிப்பில்லாத தவறு" என்று தண்டனையை அப்படியே நிற்க விடலாமா?

ஒருமனதாகச் சொன்னார்கள், முடியாது என்று. எழுதியவர் நீதிபதி ஸ்கேலியா. குற்றவாளிகள் மேல் இரக்கம் கொட்டுகிறவர் என்று அவரை யாரும் சொல்ல மாட்டார்கள். அவருடைய வாதம் எளிமையானது. இந்தத் தப்பு இல்லாத வேறொரு விசாரணையில் வேறொரு ஜூரி என்ன சொல்லியிருக்கும் என்பது கேள்வியே இல்லை. இந்த ஜூரி சொன்ன இந்த முடிவு, இந்தத் தப்பால் வந்ததில்லை என்று நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்பதுதான் கேள்வி. சந்தேகத்தின் அளவுகோலே கோணல் என்றால், சட்டம் சொல்கிற அர்த்தத்தில் ஒரு முடிவே வரவில்லை. இல்லாத முடிவை எப்படி எடைபோடுவது?

கறுப்புக்கோட்டு எழுதியது:

தம்பி உற்சாகமாக எழுதுகிறார், கேட்க நன்றாக இருக்கிறது. கோர்ட்டில் நின்றால் வேறு மாதிரி தெரியும். அப்பீல் முடிய எத்தனை வருஷம்? அதற்குள் ஒரு சாட்சி செத்திருப்பான், ஒருவன் துபாய் போயிருப்பான், ஒருவன் "ஞாபகம் இல்லீங்க" என்பான். நீதிபதியின் நாக்கு ஒரு வாக்கியத்தில் பிசகியதற்காக மறுவிசாரணை என்றால், செத்தவனுடைய வீட்டுக்காரர்களுக்கு என்ன பதில்?

அதனால்தான் எல்லாச் சட்டத்திலும் ஒரு தாழ்ப்பாள் வைத்திருக்கிறார்கள். நம் பழைய சட்டத்தில் அது 537. சார்ஜில் பிழை இருந்தாலும், அதனால் உண்மையிலேயே நீதி தவறியிருந்தால் மட்டும் தலையிடு. 1946-ல் அப்துல் ரஹீம் வழக்கில், அன்று நமக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் இன்னும் தெளிவாகச் சொன்னது. தவறான வழிகாட்டல் இருக்கிறது என்பதாலேயே தண்டனை உதிர்ந்துவிடாது. ஹைகோர்ட் சாட்சியத்தைத் தானே பார்த்து, தண்டனையை உறுதிசெய்யலாம், ரத்துசெய்யலாம், மறுவிசாரணைக்கும் அனுப்பலாம்.

கடைசிபெஞ்சு தம்பி சல்லிவனோடு நிறுத்திக்கொண்டார். ஆறு வருஷம் கழித்து, 1999-ல் அதே கோர்ட் நீடர் வழக்கில் என்ன செய்தது என்று சொல்லவில்லையே? வரி மோசடி வழக்கு. பொய் சொன்னது முக்கியமான விஷயத்திலா என்பதை ஜூரிதான் முடிவுசெய்ய வேண்டும். நீதிபதி அதை ஜூரியிடம் விடாமல் தானே முடிவுசெய்துவிட்டார். குற்றத்தின் ஒரு அங்கமே ஜூரியின் கைக்குப் போகவில்லை! ஆனால் 50 லட்சம் டாலருக்கு மேல் வருமானத்தை அந்த ஆள் கணக்கில் காட்டவில்லை. இது முக்கியமில்லை என்று எந்த ஜூரி சொல்லும்? பாதிப்பில்லாத தவறு, போய்வா என்றார்கள். அதுதான் நடைமுறை.

சட்டக்கல்லூரி_கடைசிபெஞ்சு எழுதியது:

சார், நீடரில் ஸ்கேலியாவின் மாறுபட்ட கருத்தையும் படித்தீர்களா? ஒரு அங்கத்தை நீதிபதி எடுத்துக்கொண்டால் பரவாயில்லை என்றால், எல்லா அங்கத்தையும் எடுத்துக்கொண்டால் ஏன் பரவாயில்லை ஆகாது? எங்கே கோடு?

கறுப்புக்கோட்டு எழுதியது:

படித்தேன். மாறுபட்ட கருத்து படிக்கச் சுகமாகத்தான் இருக்கும். தோற்றவர்கள் எப்போதும் நன்றாக எழுதுவார்கள்.

லூயிஷம்_வாசி எழுதியது:

சண்டைக்கு நடுவில் நுழைகிறேன். நான் இங்கே லண்டனில் ஜூரியில் உட்கார்ந்திருக்கிறேன். அறைக்குள் பேசியதை வெளியே சொன்னால் எனக்கே கேஸ் வரும், அதனால் அதைக் கேட்காதீர்கள். வெளியே, கோர்ட்டில் நடந்ததைச் சொல்லலாம்.

பன்னிரண்டு பேர். நீதிபதி பேசும்போது கையில் ஒரு தாள் கொடுத்தார்கள். கேள்விகள் வரிசையாக. முதல் கேள்விக்கு "ஆம் என்பதில் உறுதியாக இருக்கிறோம்" என்றால் இரண்டாவதுக்குப் போ, இல்லையென்றால் குற்றவாளி இல்லை, அங்கேயே நிறுத்து. ரேஷன் கார்டு விண்ணப்பம் மாதிரி இருந்தது. "நியாயமான சந்தேகம்" என்ற சொல்லே வரவில்லை. "உறுதியாக இருக்க வேண்டும்" என்பதோடு சரி. எனக்குப் பக்கத்தில் இருந்த பஸ் டிரைவர் அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார், எடுத்தார், வைத்தார். அந்தத் தாள்தான் எங்களுக்குச் சட்டம். அதில் ஒரு கேள்வி தப்பாக இருந்திருந்தால் எங்களுக்குத் தெரியவே வழியில்லை. கறுப்புக்கோட்டு ஐயா "ஒரு வாக்கியம்தானே" என்கிறார். அந்தப் பக்கம் உட்கார்ந்தவனுக்கு அந்த ஒரு வாக்கியத்தை விட்டால் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை.

இங்கே இதற்கெல்லாம் தாய் வழக்கு 1935-ன் வூல்மிங்டன். டார்செட் பக்கம் ஒரு பண்ணையாள், இருபத்தொரு வயது. பதினேழு வயது மனைவி கோபித்துக்கொண்டு தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். துப்பாக்கியின் குழாயை அறுத்து, கோட்டுக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வராவிட்டால் என்னைச் சுட்டுக்கொள்வேன் என்று காட்டத்தான் எடுத்தேன், வெடித்துவிட்டது என்பது அவன் சொன்னது. முதல் விசாரணையில் ஜூரிக்குள் ஒத்துப்போகவில்லை. இரண்டாவதில் நீதிபதி ஸ்விஃப்ட் சொன்னது இது: அவள் இவன் கையால் செத்தாள் என்று அரசு காட்டிவிட்டால் அது கொலைதான் என்று வைத்துக்கொள்ள வேண்டும்; இல்லை என்று உங்களுக்குத் திருப்தி வரும்படி காட்டுவது அவன் பொறுப்பு. குற்றவாளி என்று வந்தது. தூக்கு.

மேல்முறையீட்டு நீதிமன்றம் கறுப்புக்கோட்டு சொன்ன அதே தாழ்ப்பாளைப் போட்டுத் தள்ளுபடி செய்தது. அன்று இங்கே கடைசி நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபைதான் திறந்தது. நிரூபிக்கும் பொறுப்பு கடைசிவரை அரசுடையதுதான், அது ஆங்கிலக் குற்றவியல் சட்டத்தில் ஓடுகிற தங்க இழை என்று சாங்கி பிரபு சொன்னது அதில்தான். சரியாகச் சொல்லியிருந்தாலும் ஜூரி இதே முடிவுக்குத்தான் வந்திருக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது என்றார்கள். பையன் வெளியே வந்தான்.

கவனியுங்கள், நானாவதியும் வூல்மிங்டனும் ஒரே எதிர்வாதம்: கை தவறி வெடித்தது. ஒருவனுக்கு நீதிபதி பொறுப்பைத் தலையில் ஏற்றியது தப்பு. இன்னொருவருக்கு ஏற்ற வேண்டிய அளவு ஏற்றாதது தப்பு.

பழைய_கட்டு எழுதியது:

கடைசி வரியில் ஒரு சின்னத் திருத்தம், லூயிஷம் ஐயா. வேண்டுமென்றே கொன்றார் என்று நிரூபிக்கும் பொதுவான பொறுப்பு இந்தியாவிலும் அரசுடையதுதான். நானாவதி தீர்ப்பே அதை வூல்மிங்டனோடு வைத்துப் பேசுகிறது. 80-வது பிரிவின் நிபந்தனைகள் மட்டும்தான் எதிரியின் பக்கம். இந்த இரண்டும் ஒன்றோடொன்று உரசும் இடம்தான் ஜூரிக்குச் சொல்லியாக வேண்டிய இடம். வக்கீல்களுக்கே வழுக்கும்.

என் அப்பா ஐம்பதுகளில் ஒரு செஷன்ஸ் கோர்ட்டில் பெஞ்சு கிளார்க். ஜூரிக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மிராசுதார்கள், மளிகை மண்டிக்காரர்கள். நீதிபதி இங்கிலீஷில் சொல்வார், மொழிபெயர்ப்பாளர் தமிழில் சொல்வார். "உள்நோக்கம்" என்பதற்கும் "அறிந்தே" என்பதற்கும் மொழிபெயர்ப்பாளர் ஒரே சொல்லைப் போட்டுவிடுவார் என்று அப்பா சொல்லிச் சிரிப்பார். கொலையா, கொலையாகாத மரணமா என்பது தொங்குவதே அந்த வித்தியாசத்தில்! அப்பீலுக்குப் போகும் கட்டில் சார்ஜின் தலைப்புகள்தான் இருக்கும், அதுவும் இங்கிலீஷில். தமிழில் ஜூரியின் காதில் விழுந்தது என்ன என்பது எந்தக் காகிதத்திலும் இல்லை.

வடமராட்சியான் எழுதியது:

அண்ணை, நீங்கள் எல்லாரும் பழங்கதை மாதிரிக் கதைக்கிறீர்கள். இலங்கையில் யூரி இன்றைக்கும் இருக்கு. மேல் நீதிமன்றத்தில் ஏழு பேர், ஐந்துக்கு இரண்டு இருந்தால் தீர்ப்பு. எந்த மொழி பேசுகிற யூரி என்று எதிரியே தெரிவு செய்யலாம். நாடாளுமன்ற உறுப்பினர் ரவிராஜ் 2006 நவம்பர் 10-ல் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த வழக்கு சிங்களம் பேசும் யூரிக்கு முன்னால் நடந்து, 2016 டிசம்பர் 24 அதிகாலையில் ஐந்து பேரும் விடுதலை. ஏன் என்று ஒரு வரி கிடையாது. மேன்முறையீட்டில் ஏதாவது தேடுவதென்றால் நீதிபதி யூரருக்குத் தொகுத்துச் சொன்னதைத்தான் தேட வேணும். பழைய_கட்டு ஐயா சொன்ன அதே நிலைமை.

தாழ்ப்பாளும் எங்களிடம் இருக்கு. வாதம் சரியாக இருந்தாலும், உண்மையில் பெரிய அநீதி நடக்கவில்லை என்று பட்டால் மேன்முறையீட்டைத் தள்ளலாம். பிழை வந்தால் அதற்குள் ஒளிக்கிறது சுகம்.

டீக்கடை_பெஞ்சு எழுதியது:

நடிகர் தியாகராஜ பாகவதர் வழக்கும் இந்த ரகம்தானே? ஜூரி தண்டித்தது, லண்டன் காப்பாற்றியது என்று பாட்டி சொல்வார்.

பழைய_கட்டு எழுதியது:

பாதி சரி. பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் வேப்பேரியில் குத்தப்பட்டார். 1945 மே மாதம் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் குற்றவாளிகள் என்று ஜூரி ஆறுக்கு மூன்று என்று சொன்னது. நீதிபதி மாக்கெட். ஆயுள் தண்டனை. ஹைகோர்ட்டில் அப்பீல் தோற்றது. பிரிவி கவுன்சில் விடுதலை செய்யவில்லை; அப்பீலைத் திரும்பக் கேள் என்று சென்னைக்கே அனுப்பியது. 1947 ஏப்ரலில் இங்கே ஹைகோர்ட்தான் விடுதலை செய்தது.

ஆனால் வாசல் வேறு. 1943-ல் 411-ஏ என்று ஒரு புதுப் பிரிவு சேர்த்திருந்தார்கள். ஹைகோர்ட்டிலேயே ஜூரியோடு நடந்த விசாரணைக்கு, அனுமதி பெற்று, சாட்சியத்தைப் பற்றியும் அப்பீல் செய்யலாம் என்றது அது. அதற்கு முன்னால் அட்வகேட் ஜெனரலிடம் (அரசின் தலைமை வக்கீல்) சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. அந்தப் புதுப் பிரிவில் எவ்வளவு தூரம் போகலாம் என்பதுதான் லண்டனில் பேசப்பட்டது. இரண்டு வருஷத்துக்கு மேல் ஜெயில், மனுஷர் வெளியே வந்தபோது சினிமா அவருக்காகக் காத்திருக்கவில்லை.

லூயிஷம்_வாசி எழுதியது:

இன்னொரு விதமான தப்பு உண்டு, அதை யாரும் தொடவில்லை. நீதிபதி அன்றைய சட்டத்தை அட்சரம் பிசகாமல் சொல்கிறார். பிறகு அந்தச் சட்டமே தப்பு என்றாகிறது. 2016-ல் ஜோகி வழக்கு. கூட்டாகப் போனவர்களில் ஒருவன் கொன்றால், "அவன் அப்படிச் செய்யக்கூடும் என்று உனக்குத் தெரிந்திருந்தாலே நீயும் கொலைகாரன்" என்று ஜூரிகளிடம் சொல்லிவந்தார்கள். 1984-ல் ஹாங்காங்கிலிருந்து பிரிவி கவுன்சிலுக்கு வந்த ஒரு வழக்கில் சட்டம் வழி தவறித் திரும்பிவிட்டது, தெரிந்திருந்தது என்பது எண்ணத்துக்குச் சாட்சியமே தவிர எண்ணமே ஆகாது என்றது இங்குள்ள சுப்ரீம் கோர்ட்.

முப்பத்திரண்டு வருஷம்! அத்தனை பேரும் வெளியே வந்தார்களா? இல்லை. காலம் கடந்து வருகிறவர்கள் "கணிசமான அநீதி" நடந்தது என்று காட்ட வேண்டும் என்று வாசலைக் குறுக்கிவிட்டார்கள். வழக்கு கொண்டுவந்த ஜோகிக்கே மறுவிசாரணையில் கொலை போய், கொலையாகாத மரணத்துக்குத் தண்டனை வந்தது.

கறுப்புக்கோட்டு எழுதியது:

குறுக்காமல் என்ன செய்வார்கள்? சட்டம் மாறும்போதெல்லாம் ஜெயிலைத் திறந்துவிட முடியுமா? இன்னொன்று, வக்கீல்கள் அங்கே உட்கார்ந்துகொண்டுதானே இருந்தார்கள்? நீதிபதி தப்பாகச் சொன்னால் அப்போதே எழுந்து சொல்ல வேண்டும். அமெரிக்காவில் அப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அப்பீலில் கேட்பதற்கு நான்கு படி ஏற வேண்டும்: தப்பு இருக்க வேண்டும், பளிச்சென்று தெரிய வேண்டும், முக்கிய உரிமையைப் பாதித்திருக்க வேண்டும், அதற்கும் மேல் நீதிமன்றத்தின் மானத்துக்கே கேடு என்று தோன்ற வேண்டும். எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. இல்லையென்றால் தப்பைப் பார்த்துவிட்டு, தோற்றால் அப்பீலுக்கு ஆகும் என்று மடியில் கட்டி வைத்துக்கொள்வான்.

சட்டக்கல்லூரி_கடைசிபெஞ்சு எழுதியது:

சார், ஆர்தர் ஆண்டர்சன் என்ற தணிக்கைக் கம்பெனியின் வழக்கில் வக்கீல்கள் எழுந்து சொன்னார்கள். என்ரான் என்ற கம்பெனியின் கணக்குத் தாள்களைக் கிழித்த வழக்கு. எதிரிக்குத் தன் செயல் சட்டப்படி சரி என்ற நேர்மையான நம்பிக்கை இருந்தாலும் தண்டிக்கலாம் என்று ஜூரிக்குச் சொல்லப்பட்டது. ஜூரி ஏழு நாள் பேசி முடியவில்லை என்றது. இன்னும் முயலுங்கள் என்று அனுப்பினார்கள். மேலும் மூன்று நாள். 2002 ஜூனில் குற்றவாளி. 2005 மே மாதம் சுப்ரீம் கோர்ட் ஒருமனதாக ரத்து செய்தது. அதற்குள் ஆண்டர்சன் கம்பெனியே இல்லை. கேட்பதற்கு ஒரு பெயர்ப்பலகை மிச்சம்.

அதை விடுங்கள், உங்களுக்காகவே ஒரு வழக்கு வைத்திருக்கிறேன். 1946, போலன்பாக். திருட்டுக் கடன்பத்திரங்கள். ஜூரி ஏழு மணி நேரம் உள்ளே இருந்துவிட்டு ஒரு கேள்வியோடு வருகிறது: பத்திரங்களை விற்க உதவும்போதுதான் இவை திருட்டுச் சரக்கு என்று தெரிந்தது என்றால், அது சதியில் பங்குதானா? நீதிபதி ஒரு அனுமானத்தைச் சொல்கிறார்: திருட்டு நடந்த கொஞ்ச நாளில் பொருள் கையில் இருந்தால், திருடி மாநிலம் கடத்தியவனும் அவனே என்று கொள்ளலாம் என்கிற மாதிரி. அப்படி ஒரு சட்டமே இல்லை. ஜூரி உள்ளே போய் ஐந்து நிமிஷத்தில் குற்றவாளி என்று வந்தது.

ஏழு மணி நேரம், அப்புறம் ஐந்து நிமிஷம். நீதிபதி ஃப்ராங்ஃபர்ட்டர் எழுதினார்: காகிதத்தைப் பார்த்து இவன் குற்றவாளி என்று எங்களால் எழுத்துக்கூட்ட முடிகிறதா என்பது கேள்வி அல்ல, ஜூரி முறைப்படி குற்றம் கண்டதா என்பதே கேள்வி. இதில் உங்கள் தாழ்ப்பாளை எங்கே போடுவீர்கள் சார்?

கறுப்புக்கோட்டு எழுதியது:

போட மாட்டேன். ஜூரியே கேள்வி கேட்டு, பதில் தப்பாக வந்து, உடனே முடிவு வந்தால், தப்புதான் முடிவைக் கொண்டுவந்தது என்று கடிகாரமே சொல்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பெரும்பாலான வழக்கில் ஜூரி கேள்வி கேட்காது, கடிகாரமும் ஒன்றும் சொல்லாது. அங்கே யாராவது ஒருவர் சாட்சியத்தைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் நீங்களும் ஸ்கேலியாவும் எனக்கு உதவவில்லை.

லூயிஷம்_வாசி எழுதியது:

இங்கே 1995 சட்டத்துக்குப் பிறகு தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டு, "இந்தத் தண்டனை பத்திரமானதா" என்று ஒரே கேள்வியாக வைத்துவிட்டார்கள். கதவு அதேதான், பெயிண்ட் மட்டும் புதிது.

டீக்கடை_பெஞ்சு எழுதியது:

எல்லாவற்றையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். 80-வது பிரிவு வரை தலையாட்டினார். அப்புறம் "அதெல்லாம் இருக்கட்டும், கட்டிப்புரண்டு சண்டை போட்டால் இடுப்புத் துண்டு எப்படிடா நிற்கும்?" என்று ஆரம்பித்து, அத்தை துணி உலர்த்த வைத்திருந்த துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். என்னைப் பிடித்து இழுக்கச் சொல்கிறார்.

பழைய_கட்டு எழுதியது:

அது சாட்சியம், சார்ஜ் இல்லை. அதற்குத் தனி இழை திறங்கள் தம்பி. மாமாவைக் கொஞ்சம் மெதுவாக இழுங்கள்.